லக்சம்பேர்க்கில் மூன்று பயணமும் ஒரு சாப்பாட்டுப் பையும்

நாங்கள் லக்சம்பேர்க் போனதற்கு ஒரே காரணம், அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை என்பதுதான்.

பிள்ளைகள் இரண்டு பேருக்குமாக இதை எழுதி வைக்கிறேன். எழுத வசதியாக உங்களைப் பெரியவள், சின்னவன் என்றே சொல்லப்போகிறேன். சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது. பஸ்ஸில் வயிறு குமட்டிச் சத்தி எடுத்தது மட்டும்தான் அவனுக்கு ஞாபகம். பெரியவளுக்குப் பதினொரு வயது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் யாருக்காவது சொல்லும்போது தன் பங்கைக் கொஞ்சம் கூட்டியும் என் பங்கைக் கொஞ்சம் குறைத்தும் சொல்கிறாள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

வக்கான்ஸ், அதாவது விடுமுறை, என்றால் எங்கள் ஆட்களுக்கு இன்னொரு நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது. லண்டனில் மாமா, ஜேர்மனியில் பெரியப்பா, சுவிசில் சித்தி. லக்சம்பேர்க்குக்கு இரண்டு வருடத்துக்கு முதல் சுவிசுக்குப் போனோம். அங்கே ஏரியில் கப்பல் ஓடுகிறது, அதில் ஏற்றுகிறேன் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேன். ஐந்து நாளில் ஒன்பது வீட்டுக்குப் போனோம். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் கோபம் வரும், அந்தக் கோபம் பாரிஸ் வரைக்கும் வந்து சேரும். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, பலகாரம், பிறகு அந்த வீட்டுப் பெண்பிள்ளை பூப்பெய்திய சாமத்தியவீட்டு வீடியோ. ஏரியைக் கார் யன்னலுக்குள்ளால் பார்த்தோம். அதுவும் சுரங்கப்பாதை வரும்வரைக்கும்தான்.

திரும்பி வரும்போது பெரியவள் பிரெஞ்சில் சொன்னாள்: "அப்பா, அடுத்தமுறை எங்களை ஒருவருக்கும் தெரியாத ஊருக்குப் போவோம்." உங்கள் அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. எனக்கு முழுதும் விளங்கியது.

நான் வேலை செய்கிற உணவகத்தை ஓகஸ்டில் ஒரு கிழமை முழுதும் பூட்டுவார்கள். அந்தக் கிழமைக்கு ஊர் தேடியது பெரியவள்தான். அம்மாவின் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு, கார் து லெஸ்ட் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் போகலாம், சின்னத் தலைநகரம், அங்கே ஒரு அறையை எடுத்து இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்துக்குப் போய் இரவுக்குத் திரும்பி வரலாம் என்றாள். அந்த நாட்டுக்குள் பஸ், ரயில் எல்லாம் சும்மா, டிக்கெட்டே இல்லை என்றும் சொன்னாள். நான் நம்பவில்லை. சும்மா என்று சொல்லித் தருகிற எதற்கும் பின்னால் ஒரு படிவம் இருக்கும் என்பது பிரான்சில் நான் படித்த பாடம்.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் நான் மரக்கறி வாங்குகிற கடை அண்ணையிடம் கேட்டேன். அவருக்குத் தெரியாத ஊர் கிடையாது.

"லக்சம்பேர்க்கோ? அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

"பிறகேன் போறாய்?"

"ஒருத்தரும் இல்லை எண்டபடியாத்தான்."

முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "வீட்டிலை ஏதும் பிரச்சினையோடா தம்பி?"

"இல்லை அண்ணை. சுத்திப் பார்க்க."

"சுத்திப் பார்க்கிறதெண்டால் லூர்துக்குப் போ, லண்டனுக்குப் போ. அது உள்ளங்கையளவு நாடு. காலமை வெளிக்கிட்டியெண்டால் மத்தியானத்துக்கு முடிஞ்சிடும்."

"அப்பிடித்தான் வேணும். காலமை போய்ப் பின்னேரம் திரும்பிறமாதிரி. அங்கை பஸ் சும்மாவாமே, உண்மையோ?"

"ஓம், அது உண்மை. என்ரை மச்சான் ஒருக்கா வேலைக்குப் போனவன், சொன்னவன்." பிறகு பின்னால் நின்ற ஆட்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "பஸ் சும்மா எண்டு இவர் பெஞ்சாதி பிள்ளையளோடை வேறை நாட்டுக்கு வெளிக்கிடுறார். இஞ்சை கத்தரிக்காயைச் சும்மா தந்தாலும் ஆரும் வாறேல்லை."

அன்று பின்னேரமே மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டு மேசையில் பெரியவளின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைத் திறந்து திட்டம் போடத் தொடங்கினோம். நான் கோடு போட்டேன், அவள் எழுதினாள். எத்தனை மணிக்கு ரயில், எங்கே இறங்கி எந்த பஸ், திரும்பி வருகிற பஸ்கள் எத்தனை மணிக்கு, மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது, கக்கூஸ் எங்கே.

"கக்கூசுக்கு ஒரு தனிக் கொலோன் வேணுமா அப்பா?"

"வேணும். தம்பியைக் கூட்டிக்கொண்டு போறம்."

அவள் சிரித்துக்கொண்டே அதற்கும் ஒரு நிரல் போட்டு எழுதினாள். முதல் நாள் வியாந்தன் என்கிற சின்ன ஊர், மலையில் ஒரு கோட்டை. இரண்டாம் நாள் எஷ்டெர்னாக், ஒரு குளமும் காடும். மூன்றாம் நாள் எல்லையைத் தாண்டி ஜேர்மனியில் திரியர். ரோமர்கள் கட்டிய ஒரு பெரிய கல்வாசல் அங்கே இருக்கிறது, அவளுடைய வரலாற்றுப் புத்தகத்தில் படம் இருந்தது. காலையில் ஒரு நாட்டுக்குப் போய்ப் பின்னேரம் திரும்பி வருவது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நான் இலங்கையிலிருந்து பாரிசுக்கு வந்து சேர ஒன்பது மாதம் எடுத்தது.

திட்டத்தில் ஒரு விஷயத்தைக் கொப்பியில் எழுதவில்லை. அது எனக்கும் அம்மாவுக்கும் இடையில் இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். அந்தக் கோடையில்தான் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பயணம் முடிந்து வந்து ஒன்பதாம் நாள் நேர்முகம். மூலப் பத்திரங்கள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்திரக் கட்டு, தொசியே என்பார்கள், இரண்டு கிலோ இருக்கும். வாடகைத் துண்டுகள், சம்பளத் துண்டுகள், வரிக் கடிதங்கள், கலியாணப் பதிவு, உங்கள் பிறப்புப் பத்திரங்கள். எல்லாம் தொலைந்தாலும் திரும்ப எடுக்கலாம், ஒன்றைத் தவிர. அம்மாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம். அம்மா பிறந்த ஊரின் பதிவு அலுவலகம் சண்டையில் எரிந்துபோனது. பதிவுப் புத்தகமே இல்லை. அம்மாவின் தகப்பனார் முன்பே எடுத்து வைத்திருந்த ஒரு தாள்தான் உலகத்தில் மிச்சம்.

அந்தத் தொசியேயை வீட்டில் வைத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் எங்கள் ஆட்கள் இரவு தங்கும்படியாக வீட்டை விட்டு வெளிக்கிட்டால் கடதாசிகளை எடுத்துக்கொண்டுதான் வெளிக்கிடுவார்கள். ஷெல் அடிக்கும்போதும் நகையை விட்டுவிட்டுக் கடதாசியை எடுத்த ஆட்கள் இருக்கிறார்கள். நகைக்குப் பதில் நகை வாங்கலாம். போதாததற்கு, அதற்கு முந்தின வருடம் மேல் வீட்டுக் குழாய் உடைந்து எங்கள் அலுமாரிக்கு மேலே கூரை ஊறி விழுந்திருந்தது.

"ப்ளாங்-மெனிலிலை அக்கா வீட்டை குடுத்திட்டுப் போவம்," என்றார் அம்மா.

"கொக்கா வீட்டிலை நாளுக்குப் பத்துப் பேர் வந்து போகினம். ஆர் எதை எடுத்து எதுக்குக் கீழை வைப்பினமோ?"

"அப்ப லக்சம்பேர்க்கிலை அறையிலை வைச்சுப் பூட்டுவம்."

"அந்த அறைக்கு எத்தினை பேரிட்டைத் திறப்பு இருக்கெண்டு உமக்குத் தெரியுமோ?"

"நீங்கள் ஒரு முடிவோடை கதைக்கிறியள். பிறகென்னத்துக்கு என்னட்டைக் கேக்கிறியள்?"

நான் என் முடிவைச் செய்தேன். அரிசி மூட்டையோடு கடையில் சும்மா தந்த பழைய துணிப்பை ஒன்றை எடுத்தேன். தொசியேயைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நாலு பக்கமும் பசைநாடா ஒட்டி அடியில் வைத்தேன். அதற்கு மேலே பையின் அளவுக்கு வெட்டிய ஒரு காட்போட் மட்டை. அதற்கு மேலே ஒரு துவாய். அதற்கு மேலே அம்மா பொரித்த ரோல்ஸ் பொட்டலம், வாழைப்பழம், தண்ணீர்ப் போத்தல். எந்தக் கள்ளன் பார்த்தாலும் சாப்பாட்டுப் பை என்று விட்டுவிடுவான்.

அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதைப் பார்த்தால் கள்ளன் பாவப்பட்டு உங்களுக்குக் காசு தருவான்."

அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் லாச்சப்பல் வீதி வழியே ஸ்டேஷனுக்கு நடந்தோம். கடைகள் திறக்கிற நேரம். "எங்கை, லண்டனுக்கோ?" என்று மூன்று பேர் கேட்டார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். விளக்கம் சொன்னால் ரயில் போய்விடும்.

லக்சம்பேர்க் உண்மையிலேயே சின்னது. ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் பெரிய பாலம், பாலத்துக்குக் கீழே பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குக்குள் வீடுகள். நாங்கள் தங்கிய விடுதி அங்கே கீழே இருந்தது. பஸ்ஸில் ஏறும்போது என் கை தானாகவே சட்டைப்பைக்குள் போனது. டிக்கெட் மெஷினைத் தேடினேன். இல்லை. சாரதி எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்காத ஒரு பஸ்ஸில் இருப்பது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. அன்று பின்னேரம் தெருவில் நடந்தபோதும் "தம்பி, நீர் எந்த ஊர்?" என்று கேட்க ஒருவர்கூட இல்லை. அம்மாகூடச் சொன்னார், "தலையிறுக்கம் குறைஞ்சமாதிரிக் கிடக்கு" என்று.

அடுத்த நாள் கொப்பியில் எழுதியபடியே எல்லாம் நடந்தது. எற்றல்புரூக் என்கிற இடம்வரை ரயில். அங்கே இறங்கினால் பஸ் நிற்கிறது, நேரம் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. பெரியவள் கொப்பியில் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வந்தாள். பஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறியது, பிறகு வளைந்து வளைந்து இறங்கியது. மூன்றாவது வளைவில் சின்னவன் வெளிறிப்போனான். நான் பையைக் காலடியில் வைத்துவிட்டு ஒரு பொலித்தீன் பையை அவன் வாய்க்கு நேரே பிடித்தேன். பிடித்த நேரம் சரி. வியாந்தன் வந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பொலித்தீன் பையையும் கவனமாக ஏந்திக்கொண்டு இறங்கினேன். அதை மட்டும் கவனமாகக் கொண்டு வந்திருக்கிறேன். அதைக் குப்பைத்தொட்டியில் போட்டதும் பெரிய வேலை முடிந்தது போல இருந்தது.

டிக்கெட் கேட்கிற பஸ்ஸாக இருந்திருந்தால் இறங்கும்போது பையைத் தடவியிருப்பேன். அந்த ஊரில் எதையும் எடுத்துக் காட்டத் தேவை வரவில்லை.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கல் பதித்த தெருவில் மேலே ஏறினோம். சின்னவனுக்கு நிறம் திரும்பியது. கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே நின்று பார்த்தால் கீழே முழு ஊரும் தெரிந்தது. படம் எடுத்தோம். அப்போதுதான் சின்னவன், வெறும் வயிற்றோடு நின்றவன், சொன்னான்:

"அப்பா, பசிக்குது."

"பையைத் தாங்கோ," என்றார் அம்மா.

நான் இடது தோளைப் பார்த்தேன். வலது தோளைப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"பஸ்ஸிலை விட்டிட்டியளோ?"

ஓடத் தொடங்கிவிட்டேன். அந்தக் கல்லுத் தெருவில் கீழ்நோக்கி, வழுக்கி வழுக்கி. பின்னால் ஒரு சப்பாத்துச் சத்தம் கேட்டது. பெரியவள்.

"நீ அம்மாவோடை நில்!"

"நீங்க பிரெஞ்சு கதைச்சா அவங்களுக்கு விளங்காது!" என்று ஓடிக்கொண்டே கத்தினாள்.

அது உண்மை. எனக்குப் பதற்றம் வந்தால் சமையலறைப் பிரெஞ்சு மட்டும்தான் வரும்.

பஸ் தரிப்பில் ஒரு பஸ் நின்றது. எங்களை ஏற்றி வந்தது அல்ல. ஒரு பெண் சாரதி ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்: தொசியே, மடாம், கடதாசி, மிக முக்கியம், பிறப்புப் பத்திரம், பஸ்ஸில், பத்து நாற்பது. அவருக்கு விளங்கியது. நல்ல பெண். உடனே தன் வயர்லெஸ்ஸை எடுத்து அவர்களின் மொழியில் எங்கள் சாரதியைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது. இவர் திரும்பக் கேட்டார். அதே பதில் வந்தது.

"மிசியூ, அவர் எற்றல்புரூக்கில் பஸ் முழுதும் பார்த்துவிட்டாராம். தொசியே ஒன்றும் இல்லை. கடதாசி ஒன்றுகூட இல்லை."

தரிப்பில் இருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாளை அம்மாவின் தகப்பனார் எத்தனை இடம்பெயர்வில் காப்பாற்றியிருப்பார்? நான் ஒரு சும்மா பஸ்ஸில் விட்டுவிட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதைத் தவிர வேறு யோசனை வரவில்லை.

பெரியவள் என் முன்னால் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு ஏதோ பொறி தட்டியது.

"அப்பா! அது தொசியே இல்லை. அது சாப்பாட்டுப் பை!"

"என்ன?"

"நீங்கதானே ஒளிச்சு வைச்சீங்க! அவர் கடதாசி தேடினா எப்பிடிக் காணுவார்?"

அவள் சாரதியிடம் ஓடிப் பிரெஞ்சில் கடகடவென்று சொன்னாள். பழைய துணிப்பை, மேலே வாழைப்பழம், வெள்ளித் தாளில் சுற்றிய சாப்பாடு. அந்தப் பெண் ஆப்பிளை வைத்துவிட்டுத் திரும்ப வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னும் ஒருமுறை. வெறும் இரைச்சல்தான். மலைக்கு நடுவில் சிலநேரம் எடுக்காது, அவர் பன்னிரண்டு பத்துக்கு இங்கே வரவேண்டும், ஆனால் மத்தியானம் சாரதி மாறுவதும் உண்டு, தான் நேரத்துக்கு வெளிக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது பெருவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு இன்னொரு யோசனை வந்தது. பஸ்ஸில் கிடந்த சாப்பாட்டை ஒரு மனிதன் என்ன செய்வான்? குப்பைத்தொட்டியில் போடுவான். நானாக இருந்தாலும் போடுவேன். அவ்வளவு நன்றாக ஒளித்திருக்கிறேன்.

அம்மா கைபேசியில் எடுத்தார்.

"கிடைச்சுதோ?"

"பஸ் வருமாம். பார்த்துக்கொண்டு நிக்கிறம்."

"என்ரை பேர்த் சேட்டிபிக்கேற்..."

"வரும். நீர் தம்பிக்கு ஏதும் வாங்கிக் குடும்."

காத்திருக்கும்போது பெரியவள் கேட்டாள், பை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று. பிள்ளைகளிடம் சொல்லாத விஷயம்தான். ஆனாலும் அவள் எனக்காகக் கதைத்தவள், அவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேர்முகத்தைப் பற்றிச் சொன்னேன். எரிந்த அலுவலகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தத் தாள் இல்லாட்டி அம்மா பிறந்தவ எண்டதைக் காட்ட ஏலாது."

"ஆனா அம்மா மேல நிக்கிறாதானே," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.

பன்னிரண்டு பத்துக்கு ஒரு பஸ் வந்தது. எழுந்து ஓடினோம். வேறு சாரதி. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸுக்குள் ஏறிக் கதிரைகளுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். இது அந்த பஸ்ஸே இல்லை என்று பெரியவள் சொன்னாள். எங்கள் பஸ்ஸின் முன்கண்ணாடியில் சிவப்பும் பச்சையுமாக ஒரு உதைபந்தாட்டச் சால்வை தொங்கியதாம். நான் அதைப் பார்க்கவேயில்லை. கொப்பியைத் திறந்து அடுத்த பஸ் எப்போது என்று பார்த்தோம். பன்னிரண்டு நாற்பது. அரை மணித்தியாலம். நான் வாழ்க்கையில் எத்தனையோ அலுவலக வரிசைகளில் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். அந்த அரை மணித்தியாலம்தான் நீளமானது.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் திரும்பியது. நான் நேரத்தைப் பார்த்தேன், அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

"சால்வை!"

பஸ் நின்று கதவு திறந்தது. ஆட்கள் இறங்கினார்கள், நாங்கள் வழிவிட்டு நின்றோம். எல்லோரும் இறங்கிய பிறகு அந்தச் சாரதி, ஐம்பது வயது இருக்கும், போர்த்துக்கீசர், எங்களைப் பார்த்ததும் நாங்கள் வாய் திறக்க முதலே தன் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தார்.

என் பழைய துணிப்பை. வாழைப்பழத்தின் காம்பு வெளியே தெரிந்தது.

"சத்தி எடுத்த சின்னப் பையனின் சாப்பாடு," என்றார் பிரெஞ்சில். "எப்படி, சுகமா அவனுக்கு?"

பெரியவள்தான் கதைத்தாள். எற்றல்புரூக்கில் பஸ்ஸைக் கூட்டும்போது பையைக் கண்டாராம். குப்பைத்தொட்டி வரைக்கும் கொண்டுபோனாராம். பிறகு, சத்தி எடுத்த பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்தில் பசிக்கும், தேடி வருவார்கள் என்று நினைத்து, வெயில் படாமல் இருக்கைக்குப் பின்னால் வைத்தாராம்.

"ஆனால் ஒரு தொசியேயைத்தான் தேடுகிறார்கள் என்று என் சக சாரதி கேட்டாரே? அது கிடைத்ததா? பாவம், யாரோ பெரிய பிரச்சினையில் இருக்கிறார்கள்."

நான் பையைப் பஸ் படியில் வைத்தேன். வாழைப்பழத்தை எடுத்துப் பெரியவளின் கையில் கொடுத்தேன். ரோல்ஸ் பொட்டலத்தைக் கொடுத்தேன். தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். துவாயை எடுத்தேன். மட்டையைத் தூக்கினேன். தொசியேயை வெளியே எடுத்து அவருக்குக் காட்டினேன்.

அந்த மனிதர் அதைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். "மிசியூ, நீங்கள் என்ன, வங்கியில் கொள்ளை அடித்தீர்களா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. பெரியவளின் இரண்டு கையும் நிறையச் சாமான், அவளும் சிரித்து ஒரு வாழைப்பழத்தைக் கீழே போட்டாள்.

நான் பசைநாடாவைக் கிழித்து அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மடிப்பு மாறாமல் இருந்தது.

அவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் ரோல்ஸ் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். வேண்டாம், பிள்ளைக்கு வையுங்கள் என்றார். வற்புறுத்தி இரண்டு கொடுத்தேன். ஒன்றை அப்போதே கடித்தார். அம்மா செய்த ரோல்ஸ், மிளகு தூக்கலாக இருக்கும். அவருடைய முகம் சால்வையின் சிவப்புப் பக்கம் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கட்டை விரலைக் காட்டிவிட்டு இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு எடுத்தேன். "கிடைச்சிட்டுது. உம்மடை தாளும் இருக்கு."

முதலில், "அந்த மனுசன் நல்லா இருக்கவேணும்" என்றார். பிறகு, "ஏறி வாறியளோ, நாங்கள் இறங்கி வரவோ?" என்றார். பிறகு, "நீங்கள் மேலை வாங்கோ. கோட்டையைப் பார்க்காமல் போகேலாது" என்றார். அம்மாவா இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மேலே போனதும் அம்மா முதலில் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். தன் பெயரை, தகப்பன் பெயரை, தாய் பெயரை விரலால் தொட்டு வாசித்தார். வாசித்து முடித்துத் திரும்பத் தந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கோட்டை மதிலோரம் இருந்து நாலுபேரும் ரோல்ஸ் சாப்பிட்டோம். சின்னவன் மூன்று சாப்பிட்டான். பிறகு உள்ளே போய்ப் பெரிய பெரிய அறைகளைப் பார்த்தோம். என்ன பார்த்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு கை பைக்குள்ளேயே இருந்தது.

அன்று பின்னேரம் விடுதிக்கு வந்ததும் அம்மா தொசியேயைப் படுக்கையில் விரித்தார். எங்கள் நாலுபேரின் அடையாளக் கடதாசிகளை மட்டும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டார். மிச்சத்தைக் கட்டி என்னிடம் தந்தார்.

"கீழை அந்தப் பிள்ளையிட்டைக் குடுத்திட்டு வாங்கோ. பூட்டி வைக்க ஒரு இரும்பலுமாரி இருக்காம். நான் கேட்டனான்."

"எப்ப கேட்டனீர்?"

"நேற்று வந்தவுடனை கேட்டனான். நீங்கள் கேக்கேல்லை எண்டபடியாச் சொல்லேல்லை."

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கொடுத்தேன். அவர் அதை ஒரு உறையில் போட்டு, மேலே அறை இலக்கத்தை எழுதி, எனக்கு ஒரு துண்டு தந்தார். இரும்புக் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. அன்றிரவு நான் எட்டரைக்கே நித்திரையாகிவிட்டேன் என்று பெரியவள் சொன்னாள். குறட்டையும் விட்டேனாம்.

அடுத்த நாள் எஷ்டெர்னாக்கில் குளத்தைச் சுற்றி நடந்தோம். கை இரண்டும் வெறுமையாக இருந்தது எனக்கு முதலில் பழகவில்லை. மூன்று தரம் தோளைத் தடவினேன். நாலாவது தரம் அம்மா பார்த்துவிட்டார். "சுமக்கிறதுக்கு ஏதும் வேணுமெண்டால் இவனைத் தூக்குங்கோ" என்றார். சின்னவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதை முழுக்க நடந்தேன். கொப்பியில் அந்த நாளுக்கு எழுதியதில் பாதியை நாங்கள் செய்யவில்லை. குளத்தோரம் சும்மா இருந்தோம்.

நேர்முகத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை, அது தனிக் கதை. அந்தத் தாள் முழுதாகப் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் ஜேர்மனி. எல்லையில் கடதாசி கேட்பார்களோ என்று நான் ஒரு மாதமாகப் பயந்திருந்த நாள். எங்கள் பஸ் ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் ஓரமாக நின்றது. இரண்டு பொலிஸ்காரர் ஏறினார்கள். என் கை தானாகவே தோளைத் தடவியது. தொசியே இல்லை. சம்பளத் துண்டு இல்லை, வாடகைத் துண்டு இல்லை. கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முன்னால் இருந்த ஆட்களைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்கள். அம்மா கைப்பையைத் திறந்து நாலுபேரின் அடையாளக் கடதாசியையும் கொடுத்தார். ஒருவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படத்தையும் முகத்தையும் பார்த்தார். நித்திரையாகிப் போயிருந்த சின்னவனின் முகத்தைக் குனிந்து பார்த்தார். நாலையும் அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்து நன்றி சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

"முடிஞ்சுதோ?" என்று நான் கேட்டேன்.

"முடிஞ்சுது," என்றார் அம்மா.

அவர்கள் இறங்கிய பிறகும் யாராவது திரும்பி வந்து இன்னும் ஏதாவது கேட்பார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு மூடியது. பஸ் வெளிக்கிட்டது. பெரியவள் யன்னலில் தலையைச் சாய்த்து, பொலிஸ் வந்து போனதை ஒரு பொருட்டாகவே எடுக்காமல், ரோமர்களின் கல்வாசல் எத்தனை மீற்றர் உயரம் என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.